நாற்பத்தொன்றாவது புள்ளி

புள்ளிகளை நான் தேர்ந்தெடுப்பதில்லை.
சரிவு, ஈரம், செயற்கைக்கோள் பார்த்த பச்சை
எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு
கணினி சீட்டெடுக்கும்.
அறுபது சீட்டில் நாற்பத்தொன்றாவது
ஹெம்மர்லியின் செலரி வயலில் விழுந்தது,
அறுவடைக்கு மூன்று நாள் இருக்கையில்.

இன்ஸ் கிராமத்துக்குக் கீழே சமவெளி முழுக்க மூடுபனி.
கையிலிருக்கும் ஜிபிஎஸ் இழுத்துப் போகிறது:
இன்னும் நான்கு மீட்டர் வடக்கே,
இன்னும் ஒன்று, அரை,
நில்.
நின்ற இடத்தில் ஒரு செலரியின் தலை.

"இரண்டடி தள்ளிக் குத்தக்கூடாதா?" என்றார்.
குத்தலாம். விதியில் இடமுண்டு,
காரணம் எழுத ஒரு கட்டமும் உண்டு.
'செலரி' என்று எழுதினேன்.

இங்கே ஏரியை வடித்து நூற்றைம்பது வருடமாகிறது.
தண்ணீருக்கடியில் மக்காமல் கிடந்த நாணலெல்லாம்
கறுத்து, பீட் மண்ணாகி,
இப்போது காற்றுப் பட்டுப் பட்டு
ஆவியாய்ப் போய்க்கொண்டிருக்கிறது.
வயல் வருடத்துக்கு ஒரு விரல்கடை இறங்குகிறது என்கிறார்கள்.
ஒரு விரல்கடையை யார் நின்று பார்த்தார்கள்?

என் திரையில் இந்த வயல் அடர்கறுப்பு.
பீட், தொண்ணூறு சென்டிமீட்டர்.
பத்துக்குப் பத்து மீட்டர் சதுரங்கள்,
ஒவ்வொன்றும் தன்மேல் சந்தேகமே இல்லாமல்.

துளைக்கோலைத் திருகினேன்.
பத்தில் கறுப்பு. விரலிடுக்கில் வெண்ணெயாய்ப் பிதுங்கியது.
இருபதில் கறுப்பு.
முப்பத்தொன்றில்
வெள்ளை.
ஏரிச் சுண்ணாம்பு,
நொய்யரிசி அளவு நத்தை ஓடுகளோடு.

கிள்ளி முன்பல்லில் வைத்துப் பார்த்தேன்.
நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி.
எங்கள் தொழிலில் இது வழக்கம்.
மண்ணைக் கவ்வியது நான்,
தோற்றது மாடல்.

ஹெம்மர்லி குனிந்து பார்த்தார்.
"என் கலப்பை முப்பதில் போகிறது" என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
மூடுபனிக்குள் எங்கோ ரயில் போனது.

இரவு, பெர்ன், மூன்றாம் மாடிச் சமையலறை.
தொண்ணூறு இருந்த இடத்தில் முப்பத்தொன்றைத் தட்டி
மாடலை மறுபடி ஓடவிட்டேன்.
குக்கரில் பருப்புக்கு மூன்றாவது விசில் வருவதற்குள்
கறுப்பு வெளுக்கத் தொடங்கியது:
செலரிப் பாத்தி, வண்டிப் பாதை, வாய்க்கால்,
வாய்க்காலைத் தாண்டி
லொஃபெலின் கேரட் வயல்வரை.

ஹெம்மர்லியும் லொஃபெலும் பேசிப் பதினொரு வருடம்.
அந்த வாய்க்காலின் மதகுதான் காரணம்.
நிலத்தை ஐந்தாய்ப் பிரித்த நம் முன்னோர்
வயலுக்கென்று ஊடலை ஒதுக்கினார்கள்.
காதலருக்குச் சொன்னதுதான்,
பக்கத்து வயல்காரர்களுக்கும் பொருந்துகிறது.
என் முப்பத்தொன்று மட்டும்
யாரையும் கேட்காமல் மதகைக் கடந்துபோனது.

வரைபடத்துக்கு அடியில் இன்னொரு வரைபடம் உண்டு.
எங்கே எனக்கு எவ்வளவு தெரியாது என்பதை
ஊதா நிறத்தில் காட்டும்.
மாநில அலுவலகத்தில் அதை யாரும் திறப்பதில்லை.
எந்த வயலை இனியும் உழலாம்,
எதில் தண்ணீரைத் திரும்ப விடலாம் என்று கேட்பவர்களுக்கு
ஒரே ஒரு நிறம் போதும்.
நேற்றுவரை அங்கே ஊதா ஒரு திட்டுதான்.
இன்றைக்கு ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொண்டதும்
அது ஊர் எல்லைவரை பரவிவிட்டது.

ஒன்பதரைக்கு ஹெம்மர்லி அழைத்தார்.
"லொஃபெலுக்குச் சொன்னீர்களா?"
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அவன் பக்கமும் ஒரு துளை போடுங்கள்.
வாய்க்காலிலிருந்து பன்னிரண்டு மீட்டர்.
அங்கே வரும்போது
அவன் டிராக்டர் வேறு மாதிரி சத்தம் போடும்."

அறுபதோடு சீட்டு முடிந்துவிட்டது.
அறுபத்தொன்று என்று ஒரு வரிசை சேர்த்து
காரணம் எழுதும் கட்டத்தில்
'சத்தம்' என்று எழுதினேன்.