வெள்ளி கறுக்கும் இடம்

ஒப்துலியாவின் மோதிரம் எப்போதும் கறுப்பு.
கல்யாணத்தன்று ஒரே ஒருநாள் வெள்ளையாக இருந்தது.
மறுநாள் ஓதம் வற்றியதும்
கண்டல் வேர்களுக்குள் குனிந்து
தோள்வரை சேற்றில் கைவிட்டுக்
கருஞ்சிப்பி எடுக்கப் போய்விட்டாள்.
கழற்றி வை என்றேன்.
விரல் வீங்கியிருக்கிறது, வராது என்றாள்.
பொய்.

எஸ்மெரால்டாஸ் பக்கம் எங்கள் கழிமுகம்
அழுகிய முட்டையாக நாறும்.
கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
காற்றே இல்லாத அந்தச் சேற்றில்
கடல்நீரின் கந்தகத்தை மூச்சாக இழுத்து
நாற்றமாக விடுகின்றன.
அதில் ஒரு பங்கை இரும்பு பிடித்துக்கொள்ளும்,
பொன்னிறத் துகளாக்கி
இருட்டில் பூட்டி வைக்கும்.
இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.
மச்சாலாவிலிருந்து வந்த பொறியாளர் செகுந்தோ சொன்னது,
எல்லாம் முடிந்தபிறகு.

நான் இறால் பண்ணைக் காவலாளி.
மரங்களை வெட்டியபோதும் அங்கேதான் நின்றேன்.
வெட்டுவாய் சிவந்து கசிந்தது.
இரத்தம் என்று சொல்லமாட்டேன்,
அது துவர்ப்பு, தோல் பதனிடுகிறவனைக் கேளுங்கள்.
வேர்கள் மட்டும் சாயவில்லை.
பலகையைக் களவுகொடுத்த மேசைபோல்
கால்களாகவே நின்றன, இரண்டு மாதம்.

தோண்டினார்கள், காயவிட்டார்கள், கரை எழுப்பினார்கள்.
இருட்டில் பூட்டியது வெயிலைப் பார்த்தது.
காற்று நுழைந்த இடமெல்லாம்
துருவும் அமிலமும் ஒரே பிரசவத்தில் பிறந்தன.
முதல் மழைக்கே கரையிலிருந்து காவிநீர் வடிந்தது.
செகுந்தோ ஒரு தாளை முக்கினார், அது சிவந்தது.
ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு என்றார்.
இறாலின் ஓடு
ஊறிய நகம்போல் வளைந்தது.
சுண்ணாம்பு கொட்டினோம், நூற்று நாற்பது மூட்டை.
தண்ணீர் விழுங்கியது,
மறுபடி புளித்தது.

ஒருநாள் ஒப்துலியா கரைமேல் ஏறி வந்தாள்.
அவள் தாண்டிப்போகிற பழைய வழி அது.
இது தனியார் இடம் என்றேன்,
எனக்குச் சொல்லித்தந்த குரலில்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
துப்பாக்கியில் ஏறியிருந்த துருவைப் பார்த்தாள்,
கொஞ்சநேரம்.
அன்றிலிருந்து சிப்பிக்குப் போவதை விட்டு
சந்தையில் வாழைக்காய் விற்றாள்.
மோதிரத்தைச் சாம்பலால் தேய்த்துத் தேய்த்து
பளபளவென்று வைத்திருந்தாள்,
யாரோ வேற்றூர்க்காரியின் கையைப்போல.

கம்பெனி போனபோது
கடைசி மூன்று மாதச் சம்பளத்துக்கு
மிச்சச் சுண்ணாம்பைக் கொடுத்தது.
வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.
வேறென்ன செய்ய.

கரையை உடைத்தது பௌர்ணமி ஓதம்
என்று ஊரில் சொல்கிறார்கள்.
சொல்லட்டும்.
மண்வெட்டி என் வீட்டில்தான் இருக்கிறது.

கடல் வந்தது, போனது, வந்தது.
முதல் வருடம் ஒன்றுமில்லை, காவிப்படலம்தான்.
பிறகு ஒற்றைக்கொடுக்கு நண்டுகள்,
தூரத்தில் யாரையோ கையசைத்துக் கூப்பிடுகிற மாதிரி.
பிறகு, தாய்மரத்திலேயே முளைவிட்டு
பச்சைப் பென்சிலாக மிதந்துவரும் கன்றுகள்.
பத்தில் ஏழு வெயிலில் சுருண்டன.
மூன்று நின்றன.
நான் எண்ணினேன். காவலாளிக்கு எண்ணுவதுதான் வேலை.

நாலாம் வருடம் ஒரு சாயங்காலம்
அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது நாற்றம்.
அழுகிய முட்டை.
வெள்ளையடித்த சுவரெல்லாம் அதை முகர்ந்தது.
கூடையில் ஒன்றுமில்லை.
இரண்டு கிடைத்தது, குஞ்சு, விட்டுவிட்டேன் என்றாள்.
தேரை மீன் குத்திய கட்டைவிரலை வாயில் வைத்தபடியே
மறுகையைச் சோற்றுத்தட்டின் பக்கம் வைத்தாள்.

மோதிரம் கறுக்கவில்லை, இன்னும்.
ஓரத்தில் மட்டும் நீலம், தேன்நிறம்,
விளக்கைத் திருப்பினால் மீன்செதிலின் ஊதா.

கழற்றியிருக்கலாமே என்றேன்.
விரல் வீங்கியிருக்கிறது என்றாள்.
சோற்றைப் போடு.