ஒரே அடி, இரண்டு சத்தம்

பைக்கால் ஏரி உறைந்து கிடக்கிறது.
லாரியே ஓடலாம், அத்தனை கெட்டி.
ஒரு கிலோமீட்டர் அப்பால்
கடுகளவாய் நிற்கிறான் துகார்.
பனிக்கட்டியில் நட்ட கடப்பாரையை
ஒரு கையில் பிடித்திருக்கிறான்.
மறு கையில் சுத்தியல்.

இங்கே சயானா குப்புறப் படுத்தாள்.
காதுக்கும் பனிக்கும் நடுவே
கம்பளித் தொப்பி மட்டும்.

சுத்தியல் இறங்குவது தெரிந்தது.
"டொக்!"
உடனே சொல்லிவிட்டது பனி.
ஒன்று…
இரண்டு…
மூன்று…
"டங்ங்ங்"
இளைத்து இளைத்து வந்தது காற்று.

சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தான் துகார்.
"எதுக்கு ரெண்டு தடவை அடிச்சே?"
"ரெண்டா? ஒண்ணுதான்! சத்தியமா!"
"புளுகு!"
"அப்ப நீ போய் அடி!"

போனாள். அடித்தாள்.
ஒன்றே ஒன்று.
துகார் காதிலும் இரண்டு.

சண்டை போன இடம் தெரியவில்லை.
பிளாஸ்க்கைத் திறந்து
உப்புப் போட்ட பால் தேநீரை
மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

"அடிச்சதும் கடப்பாரை நடுங்கிச்சு," என்றாள்.
"உள்ளங்கை இன்னும் கூசுது.
அந்த நடுக்கம்தான் நடந்து வருது போல."

"ரெண்டு வழியா வந்திருக்கு," என்றான்.
"பனியில துகளெல்லாம்
இறுக்கிக் கைகோத்து நிக்குது.
ஒண்ணு ஆடினா அடுத்தது சும்மா இருக்குமா?
காத்துல அப்படி இல்ல.
தள்ளித் தள்ளி நிக்கிற கூட்டம்.
ஒண்ணு போய் இன்னொண்ணை இடிக்கணும்,
அது போய் அடுத்ததை…"

சயானா பதில் சொல்லவில்லை.
பனிக்கட்டியைக் கையுறையால் தேய்த்து
கண்ணாடிபோலத் துடைத்து
உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கீழே கருந்தண்ணீர்.
ஓமுல் மீன் ஒன்று
வெட்டென்று திரும்பியது.

"துகார், இதுக்கு எப்போ கேட்டிருக்கும்?
நமக்கு முன்னாலயா, பின்னாலயா?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.