துளையை வார்த்தல்

நான்கு வருடம் துளைகளைப் பற்றிப் படித்தேன்.
தார்த்துவில், வெப்பக்குழாய் முனகும் மூன்றாம் மாடி அறையில்,
துளை ஒரு பொருளா, பொருளின் இன்மையா என்று
எழுபத்தொரு பக்கம் எழுதி,
எழுபத்திரண்டில் நின்றுபோனேன்.
பெரிய காரணம் ஏதுமில்லை.
ஒரு நள்ளிரவில் வளைய பிஸ்கட்டைக் கடித்தேன்.
பிஸ்கட் வயிற்றில். துளை எங்கே?
அதையும் தின்றேனா என்று
யாரை எழுப்பிக் கேட்பது?

இப்போது தாலினில், கலமாயா மரவீடுகளுக்கிடையே,
ஒன்றரை ஜன்னல் உள்ள பட்டறை.
பலகையில்: ஔனே, நகை வடிவமைப்பு.
வருகிறவர்கள் பொன்னைப் பார்க்கிறார்கள்.
நான் அதன் நடுவைப் பார்க்கிறேன்.
மோதிரம் என்பது
காற்றில் ஒரு விரலளவு இடத்தை
ஒருவருக்கென்று ஒதுக்கி வைப்பது;
பொன், அதைச் சுற்றிய வேலி.
இப்படிச் சொன்னால், விலையேற்றப்
பொடி வைத்துப் பேசுகிறாள் என்கிறார்கள்.
பொடி வைத்து ஊதுவதுதானே என் தொழில்.

நவம்பர் சேற்றோடு உர்மாஸ் வந்தார்,
ஹெல்சிங்கி படகில் வடம் கட்டுகிறவர்.
வலக்கையில் கையுறை; கழற்றவில்லை.
இடக்கையால் ஒரு தீப்பெட்டியை மேசைமேல் வைத்தார்.
உள்ளே பஞ்சில் கல்யாண மோதிரம்.
அதை அணிந்த விரலை மார்ச்சில்
வடம் எடுத்துக்கொண்டது,
மோதிரத்தை மட்டும் திருப்பித் தந்தது.
"ஏதாவது செய்," என்றார். "சும்மா கிடக்கிறது."

முதலில் நான் காட்டியது சாமர்த்தியம்.
சங்கிலியில் கோத்து வரைந்தேன்.
"கழுத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை," என்றார்.
பக்கத்து விரலுக்குப் பெரிதாக்கலாமா?
அந்த விரல் ஏதோ திருடியதுபோல
அதையே கொஞ்சநேரம் பார்த்திருந்தார்.

அன்றிரவு பழைய பக்கங்களை எடுத்தேன்.
முப்பத்தெட்டாம் பக்க ஓரத்தில், என் பென்சிலில்:
"விளிம்பு யாருடையது?
துளையுடையதா, பொருளுடையதா?"
அப்போது மூன்று அடிக்குறிப்பால் தப்பித்திருந்தேன்.
இப்போது தீப்பெட்டி அருகில் கிடந்தது.
விரலைச் சூழ்ந்திருந்த ஒரு துளை,
விரல் போனபின்
எதைச் சூழ்ந்திருக்கிறது?

மோதிரத்தின் நடுவில் மெழுகு ஊற்றினேன்.
மெழுகை வழித்தெடுத்துச் சாந்தில் புதைத்தேன்.
பிறகு மோதிரத்தை மூசையில் இட்டேன்.
உருகும் கணத்தில் பொன் சுருங்கி, குண்டாகி,
கண் விழித்ததுபோல் மினுங்கும்.
எது உள், எது வெளி என்று
அப்போது அதற்கும் தெரியாது.

கிடைத்தது ஒரு வட்டத் தகடு,
ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லை.
அவர் விரல் நின்ற இடம், கெட்டியாக.

மனைவியோடு வந்தார். மைரே,
ஈரக் குடையும் உருளைக்கிழங்குப் பையுமாக.
உள்ளே பொறித்த தேதி உருகிவிட்டது,
மறுபடி பொறிக்கட்டுமா என்று தயங்கினேன்.
"விடுங்கள்," என்றாள். "அந்தத் தட்டான்
ஒருநாள் முந்தித்தான் பொறித்திருந்தான்."
பிறகு கணவனிடம்: "சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில்
காசென்று இதைப் போட்டுத் தொலைத்துவிடாதே."
அவர் கையுறையைக் கழற்றினார்.
தகட்டை உள்ளங்கையில் வைத்து
மிச்சமிருந்த விரல்களால் மூடினார்.
வெகுநேரம் திறக்கவில்லை.

கூலி எழுதினேன். சேதாரம், இருபது மில்லிகிராம்.
"எங்கே போனது?"
மூசையில் கொஞ்சம், அரத்தில் கொஞ்சம்,
என் தோல்மடியில் கொஞ்சம் என்றேன்.
மருத்துவர்களிடம் இதைவிட மோசமான பதில்களைக்
கேட்டவர்போல் தலையசைத்தார்.
பிறகு தராசைப் பார்த்தபடி:
"ஒரு விரல் எவ்வளவு எடை இருக்கும்?"
தெரியாது என்றேன்.

அவர்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டு
என் மோதிரவிரலைத் தட்டில் வைத்தேன்.
எண் ஏறியது, இறங்கியது, நிற்கவில்லை.
அழுத்தினால் கூடுகிறது; தளர்த்தினால் குறைகிறது.
என்னோடு ஒட்டியிருக்கும்வரை
அதற்கென்று தனி எடை இல்லை போலும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.
வெளியே ட்ராம் போனது;
எண் மறுபடி மாறியது.