நாற்பது கிலோமீட்டர்

விருப்பப் பட்டியலைப் பூட்ட
இன்று மாலை ஐந்து மணி கடைசி.
சகாயத்தின் கம்ப்யூட்டர் கடையில்
ஒரே நாற்காலியில் நாங்கள் இருவர்.
அவளுக்கு முக்கால், எனக்குக் கால்.

கோவையை ஒன்றில் வை என்றேன்.
சென்னையை இரண்டில்.
மதுரையைக் கண்ணிலேயே காட்டாதே.

இதற்காக மூன்று வாரம்
அப்பாவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.
'பக்கத்துல மதுர இருக்கையில
பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு அங்கிட்டெல்லாம்?'
பக்கம் என்றால் என்னவென்று
அவருக்குத் தெரியாது.
நான்கு வருடம்
அதில் நின்றுகொண்டே போனவள் நான்.

உசிலம்பட்டியில் ஐந்து ஐம்பது வண்டி.
கருமாத்தூரில் யாராவது எழுந்தால் அது நல்ல நாள்.
செக்கானூரணியில் ஏறுகிற கூட்டத்தில்
டிபன் பாக்ஸ் திறந்து
யாருடைய வேட்டியிலோ என் புளிச்சோறு.
ஆரப்பாளையத்தில் இறங்கி
இன்னொரு பஸ்.

கல்லூரி நூலகத்தின் வாசலில் ஒரு பலகை:
'மாலை ஏழு மணி வரை.'
நான்கு வருடமும்
அந்தப் பலகையைத்தான் படித்தேன்.
நாலே முக்காலுக்கு எனக்கு வண்டி.
தோழிகள் கதையை ஆரம்பிப்பார்கள்,
நான் பாதியில் எழுந்து ஓடுவேன்.
மறுநாள் காலையில்
அந்தக் கதைக்குச் சிரித்து முடித்திருப்பார்கள்.

இப்போது பேரையூர் ரோட்டில்
நகைக்கடன் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறேன்.
எட்டு கிராமுக்கு எவ்வளவு என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
நாகஜோதிக்கு இது வேண்டாம்.
அதனால்தான் கோவை என்றேன்,
சன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றேன்.

அவள் மவுஸைப் பிடுங்கினாள்.
மதுரையை இழுத்து
ஒன்றாம் இடத்தில் போட்டாள்.

'அறிவிருக்காடி ஒனக்கு?'
சகாயம் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

'என் கட்டாஃபுக்கு நல்ல சிவில்
மதுரையிலதான் இருக்கு.
கோயமுத்தூரு ஒனக்குப் பிடிச்ச ஊருக்கா.
நான் எப்பக் கேட்டேன்?'

'அப்ப அஞ்சம்பது வண்டியா?'

'ஹாஸ்டல்.'

'நாப்பது கிலோமீட்டருக்கு ஹாஸ்டலா?
ஊரே வாயால சிரிக்காது.
வீடிருக்க, சோறிருக்க,
எவனாவது காசக் கொட்டுவானா?'

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது:
வார்த்தைக்கு வார்த்தை அப்பா.
அந்த இழுவைகூட அவருடையது.

அவள் சிரிக்கவில்லை.
திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:
'தூரமாப் போகணும்னு இல்லக்கா.
ராத்திரி எட்டு மணிக்கு
நான் எங்க இருக்கேன்னு
எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்.
சனிக்கிழமை வந்துருவேன்.
அழுக்குத் துணியோட.'

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கோவைக்கு நான் போனதேயில்லை.
எந்த வருடம், எந்த வண்டியில்,
யார் தோளுக்கடியில் நின்றபடி
அந்தச் சன்னலை வைத்தேன்,
அதற்குப் பின்னால் மலையை?

நாலு ஐம்பத்திரண்டு.
அப்பாவின் போனுக்கு ஓடிபி போயிருந்தது.
அவரே கூப்பிட்டார்.
'ஏதோ நம்பரு வந்திருக்கு. சொல்லவா?
ஏழு... ரெண்டு...
இரு, கண்ணாடி இல்ல...
ஒம்போதா, நாலா...
நாலுதான்.'

நாகஜோதி ஒவ்வொன்றாய்த் தட்டினாள்.
பச்சை டிக் விழுந்தது.

'எந்த ஊரு போட்டீங்க?'

அவள் என்னைப் பார்த்தாள்.
'மதுரதான்ப்பா' என்றேன்.

அந்தப் பக்கம்
மூன்று வாரமாய் அடக்கி வைத்திருந்த மூச்சு
போன் வழியே வந்து என் காதில் பட்டது.
'அதானே, நான் சொன்னேன்ல' என்றார்.
'ராத்திரிக்குப் பரோட்டா வாங்கியாரேன்.'

ஹாஸ்டலைப் பற்றி
யாரும் எதுவும் சொல்லவில்லை.
அது அடுத்த மூன்று வாரம்.

பிரிண்ட் எடுக்கப் பதினைந்து ரூபாய்.
கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.
மதுரை வண்டி ஒன்று
காலியாகப் போய்க்கொண்டிருந்தது,
அத்தனை சீட்டும்.