கையில் ஒன்று

பதினேழு ஒன்றுகள்,
கரிக் கணக்குத் தாளின் முதுகில்,
அணைக்குச் சாரமாக அடித்த கம்பங்கள் மாதிரி:
11111111111111111

"இது உடையுமா, ஹெஸ்ஸல்?"
வீட்ஸ்கெ கேட்டபோது
கொதிகலனைத்தான் சொல்கிறாள் என்று
அழுத்தமானியைப் பார்த்தேன்.

ஃப்ரீஸ்லாந்தில் நாங்கள் நிற்கும் தரையைவிட
உயரத்தில் கிடக்கிறது கடல்.
இரவெல்லாம் நான் கரி அள்ளுவேன்.
வாய்க்காலில் ஊறிய நீரை
எந்திரம் வீட்டுக்கே திருப்பி அனுப்பும்.
மணிக்கொரு முறை அவள் நீர்மட்டம் குறிப்பாள்.
மிஞ்சிய ஐம்பத்தைந்து நிமிடமும்
வகுத்தல்.

கண்ட எண்ணெல்லாம் வேண்டாமாம்.
முப்பத்து நான்கின் மடங்கு, கூட ஒன்று.
அப்படிப்பட்டது மட்டுமே இதற்குள் நுழைய முடியும்.
ஏன் என்று கேட்டேன், சொன்னாள்,
தலையாட்டிவிட்டுக் கரி அள்ளப் போனேன்.

நூற்று மூன்று. மீதி.
நூற்று முப்பத்தேழு. மீதி.
இருநூற்று முப்பத்தொன்பது. மீதி.
ஒரு குளிர்காலம் போனது, இன்னொன்று.
நாலாவதில் வாய்க்கால் உறைந்து
எந்திரமே நின்றது.
அவள் பென்சில் நிற்கவில்லை.

ஏழாம் குளிரில் பழைய தாள்களை என்னிடம் தள்ளினாள்.
"ஒன்பதுகளை உதிர்த்துப் பார்.
ஒவ்வொரு கணக்கும் கடைசியில் எட்டில் வந்து நிற்கணும்."
கரி படிந்த விரலுக்கும் வந்தது அந்த வேலை.
எட்டு. எட்டு. எட்டு.
வாரக்கணக்கில் எட்டு.

ஒரு கணக்கு மட்டும்
எல்லாம் உதிர்ந்து
ஒன்றுமில்லாமல் நின்றது.

2071723.
போன ஜனவரியின் புயல் ராத்திரி.
அளவுகோலுக்கு ஓடி, நனைந்து, திரும்பி வந்து
பெருக்கலில் கையில் இருந்த ஒன்றை
எடுத்து வைக்க மறந்திருக்கிறாள்.
ஒன்றுகளால் மட்டுமே ஆன எண்ணில்
ஒரே ஒரு ஒன்று.

மறுபடி வகுத்தாள்.
ஐந்து, மூன்று, ஆறு, மூன்று,
இரண்டு, இரண்டு, இரண்டு,
மூன்று, ஐந்து, ஏழு.
மீதி இல்லை.

"உடைந்துவிட்டது" என்றாள்,
யாரோ கை தவறிப் போட்ட கோப்பையைச் சொல்வது போல.
உடையாது என்றே
அவள் நம்பியிருந்தாள் போலிருக்கிறது.
அதற்குப் பிறகு அந்தத் தாளைக்கூட
இருநூறு இரவு வகுத்திருக்கிறாள், வீணாக.

"இந்தப் பெரிய துண்டு? 5363222357?
இனி இதற்கும் ஆரம்பத்திலிருந்தா?"

முதல் முறையாகச் சிரித்தாள்.
"முழுசுக்குள் நுழையாதது
துண்டுக்குள் எப்படி நுழையும்?
அதை முடித்தாயிற்று, ஹெஸ்ஸல்."

தோற்றுப்போன கணக்குகள் என்று
மூட்டை கட்டி வைத்திருந்தோம்.
ஆறு குளிர்காலத்து மீதிகள் அத்தனையும்
அந்த எண் உடையாது என்பதற்குச்
சாட்சி சொல்ல எழுந்து நின்றன.

"இலக்கம் இடம் மாறியிருந்தால்
ஒன்பதுக்குத் தெரியாதே" என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
ஐந்து மணி. லாந்தரை எடுத்தாள்.
கதவைத் திறந்ததும் உப்புக்காற்று
தாள்களில் பாதியைத் தரையில் இறைத்தது.

"கரி போடு" என்றாள் வெளியிலிருந்து,
"ஏறுகிறது."