டகரம்

லெத்பிரிட்ஜில் எனக்குப் பல் செய்கிற வேலை.
பிளாஸ்டரைக் கரைத்து அச்சில் ஊற்றி
இறுகியதும் சுரண்டி
யாரோ ஒருவரின் கடைவாயை
உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன்.
அதனால்தான்
பள்ளத்தாக்கின் விளிம்பில் ரொவேனா காரை நிறுத்தி
"பார்" என்றபோது
எனக்குக் கோபுரமும் தோன்றவில்லை, காளானும் தோன்றவில்லை.
ஈறு கரைந்த பற்கள்.
ஆற்றின் இரு கரையிலும்
ஒரு முழுத் தாடை.

மில்க் ரிவராம்.
பாலாறு என்று நான் சொல்ல
ரொவேனா தன் ஊர்ப் பேச்சில் ஒன்று சொன்னாள்.
இரண்டையும் காதில் வாங்காமல்
ஆறு, ஆடை படிந்த தேநீர் நிறத்தில்
போய்க்கொண்டே இருந்தது.

வழிகாட்டியின் பெயர் டைரெல்.
பிளாக்ஃபூட் பையன், பேஸ்பால் தொப்பி.
வேலிக்கதவைத் திறந்துவிட்டு
"கை வைக்காதீர்கள்" என்றான்.
அப்புறம் நெடுநேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.
வெயில் சாய்வாக விழுந்தபோது
பாறையிலிருந்து ஒவ்வொன்றாய் எழுந்து வந்தார்கள்:
வட்டக் கேடயத்துக்குப் பின்னால் ஒருவன்,
கழுத்தில்லாமல், கூர்த்த தோளோடு ஒருத்தன்,
குதிரைகள்.
இரண்டு கோடும் ஒரு வளைவும்தான்,
அதற்குள் அப்படி ஓட்டம்.

எதிர்க்கரையில் பழைய போலீஸ் கொட்டில்,
திரும்பக் கட்டியது.
சாராயக் கடத்தலைப் பிடிக்க வந்தவர்கள்
பெரும்பாலும் கொசுவைத்தான் பிடித்தார்களாம்.
சலிப்பில் கத்தியெடுத்துப்
பெயரும் ஆண்டும் வெட்டினார்கள்,
ஒரு குதிரையின் வயிற்றுக்குக் குறுக்கே.
"இதற்கெல்லாம் அபராதம் யார் போட்டார்கள்?"
"காற்று" என்றான் டைரெல்.
"தவணை முறையில்."

அழியாததைக் கல்மேல் எழுத்து என்போம்.
நில்லாததை நீர்மேல் எழுத்து என்போம்.
சொன்ன வாய்க்குக் கருங்கல் மட்டும்தான் பழக்கம்போல.
வழியில் உதிர்ந்து கிடந்த துண்டை எடுத்தேன்,
விரலில் மாவாக ஒட்டியது.
இங்கே எழுதுகிறது நீர்.
கல் அதன் தாள்,
அதுவும் மட்டமான தாள்.

ஜே. கே., தாமஸ், ஓர் இதயம், 1911.
இவற்றுக்கு நடுவே என்ன தேடினேன் என்று
எனக்கே அப்போது தெரியாது.
பிறகு கண்டுகொண்டேன்:
ட.
நேரே இறங்கி, திரும்பி, வலப்பக்கம் படுத்த கோடு.
சந்தேகமே இல்லை, ட.
நெஞ்சு படபடத்தது.
யார் வந்தது? எந்தக் குளிரில்?
பெயரை முடிக்கவிடாமல்
யார் கூப்பிட்டார்கள்?
டைரெல் எட்டிப் பார்த்தான்.
"அது பின்னங்கால்.
மீதிக் குதிரை எப்போதோ விழுந்துவிட்டது."
ரொவேனா சிரித்தாள். நானும்தான்,
கொஞ்சம் தாமதமாக.

தெற்கே மூன்று நீல மலைகள்.
அவன் ஆட்கள் பட்டினி கிடந்து
கனவு வாங்கப் போகிற மலைகள்.
அவை மொன்டானாவில்.
"கோடு எங்கே?" என்றேன்.
மோவாயால் காட்டினான்.
புல். இன்னும் கொஞ்சம் புல்.
எந்த நாட்டுடையது என்று தெரியாத ஒரு மாடு.

அப்போது பைக்குள் போன் அதிர்ந்தது.
அமெரிக்காவுக்கு நல்வரவாம்,
நிமிடத்துக்கு இத்தனை டாலராம்.
என் கோப்பு இன்னும் ஏதோ மேசையில்
எண்ணாகப் படுத்திருக்கிறது.
நான் இங்கேயே நிற்க
போன் மட்டும்
நேர்காணல் இல்லாமல், விரல்ரேகை இல்லாமல்
அந்தப் பக்கம் போய்விட்டது.

நிர்மலனிடம் கடவுச்சீட்டு இருக்கிறது.
செவ்வாய்தோறும் பட்டாணி லாரியோடு
கூட்ஸில் எல்லை தாண்டுவான்.
இன்று செவ்வாய்.
இந்நேரம் அந்த மலைகளின் முதுகுப்பக்கம்
எங்கோ டீசல் அடித்துக்கொண்டிருப்பான்.
அவன் பார்க்கும் அதே மலையை
நான் மறுபுறத்தில் நின்று பார்ப்பது
அவனுக்குத் தெரியாது.

மறுபடி அதிர்ந்தது. அவன்தான்.
காசு ஓடும் என்று தெரிந்தே எடுத்தேன்.
"எங்கே நிற்கிறாய்?"
"ஒரு குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில்."
"என்ன?"

மீதிக் குதிரையைச் சொல்வதற்குள்
லைன் அறுந்தது.