மாடிக்கு விட்ட கம்பி

விழுந்தது தெற்குச் சுவர் மட்டும்.
அதிகாலை நாலே காலுக்கு,
மீட்டர் பெட்டியையும்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் கூட்டிக்கொண்டு.
ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பார்த்தது அது மட்டும்தான்.

பெரியபட்டினத்தில் பஸ் இறங்கும்போது
என் பையில் தூக்குக்குண்டு, உளி,
இரண்டு குப்பி மருந்து,
'காரணம்' என்ற கட்டத்துக்கு
இரண்டே வரி விட்டிருக்கும் படிவம்.

தெரு கூடிவிட்டது.
பக்கத்தில் போர் போட்டதுதான் என்றார் ஒருவர்.
கண்ணேறு என்றது எதிர்வீட்டு ஜன்னல்.
தண்ணி லாரி உரசுச்சு, நான் பார்த்தேன் என்றான்
சைக்கிளை விட்டு இறங்காத பையன்.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்,
பென்சிலால்.

விரிசலுக்குக் கையெழுத்து உண்டு.
படிக்கட்டுப் போலச் சாய்ந்து இறங்கினால்
மண் உட்கார்ந்திருக்கிறது.
ஜன்னல் மூலையில் தொடங்கினால் லிண்டலைக் கேட்க வேண்டும்.
நெட்டுக்குத்தாக, கம்பியின் தடம் பிடித்து,
வெற்றிலை துப்பியதுபோல் ஓரத்தில் கறையோடு நின்றால்
உள்ளே இரும்பு பருக்கிறது.
துருப்பிடித்தால் இளைக்கும் என்றுதான்
கல்லூரி சேரும்வரை நானும் நினைத்திருந்தேன்.
பருக்கும்.
நாலு பங்கு இடம் கேட்கும்.
சுவரிடம் ஏது இடம்,
பிளந்துதான் கொடுக்கும்.

நின்றிருந்த தூணில் உளி வைத்தேன்.
உடைத்த முகத்தில் முதல் குப்பியைத் தெளித்தால்
நல்ல கான்கிரீட் ரோஸ்மில்க் நிறத்துக்கு வரும்.
வந்தது,
நடுவில் எட்டணா அகலத்துக்கு.
மிச்சமெல்லாம் வெறுமனே நனைந்தது.
இரண்டாவது குப்பிக்கு
அந்த இடத்திலேயே பால் திரிந்தது.
உப்பு.

"மணல் எங்க எடுத்தீங்க?"

ஜெய்னம்பு முக்காட்டைச் சரிசெய்தார்.
கழன்றிருக்கவில்லை, இருந்தும் சரிசெய்தார்.
"ஆத்து மணலு லோடு பன்னெண்டாயிரம் சொன்னான்.
ராத்திரி வண்டிக்காரன் மூவாயிரத்துக்குக் கொட்டிட்டுப் போனான்.
சலிச்சுத்தான் போட்டோம்.
சிப்பி நிறைய கெடந்துச்சு, பிள்ளைக பொறுக்குச்சுக."

பொறுக்காமல் விட்ட ஒன்று
பூச்சுக்குள் இருந்தது,
குழந்தையின் நகம் அளவு.
உறையில் போட்டு எண் எழுதினேன்: மாதிரி ஏழு.

தம்மாமிலிருந்து ஸ்பீக்கரில் ஹமீது சுல்தான் கேட்டார்:
"கொத்தனார் மேல கேஸ் போடலாமா சார்?"
நான் சார் இல்லை என்று
ஜெய்னம்பு சொல்லிக்கொண்டிருக்கும்போதே
லைன் போய்விட்டது.

மொட்டை மாடி.
எட்டுத் தூணின் கம்பிகளும்
பதின்மூன்று வருடமாக நிமிர்ந்து நிற்கின்றன.
மகன் நிக்காஹ்வுக்குள் மேலே இரண்டு அறை,
அதற்காக விட்ட மூன்றடி.
நுனிகளில் கவிழ்த்த தண்ணி பாட்டில்கள்.
குறுக்கே கொடி, பள்ளிச் சீருடை.
சோழகம் கடலை விட்டு எழுந்து
இந்த வீட்டில் முதலில் தொடுவது இவற்றைத்தான்.
தொட்டது இறங்கியிருக்கிறது,
மழைக்கு மழை ஒரு விரற்கடை.
கீழே மணலில் இருந்த உப்பு
மேலே ஏறி வந்து சந்தித்திருக்கிறது.

அங்கிருந்து பார்த்தால்
தென்னந்தோப்பு தொடங்கும்வரை
எல்லா மாடியிலும் கம்பிகள்.
எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டேன்.

"அறுத்துடுங்க," என்றேன்.
"அறுத்துட்டா, பொறவு ஒட்டிக்கலாமா?"
"ஒட்டலாம்."
பொய்யில்லை.
செலவு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.
சீருடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு
பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

கட்டத்தில் எழுதினேன்:
கடல் மணல். பாதுகாக்கப்படாத கம்பி நுனிகள்.
ஒன்றரை வரிதான் ஆனது.
மிச்ச அரை வரியில் கையெழுத்து வழிந்துவிட்டது.

கிளம்புமுன் கிழக்குச் சுவரின் மயிர்க்கோட்டுக்குக் குறுக்கே
கண்ணாடிச் சில்லை ஒட்டித் தேதி போட்டேன்.
இது உடைந்தால் ஃபோன் பண்ணுங்கள்,
அதுவரை இந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

பையன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
அதற்கு எதிரே வந்து உட்கார்ந்தான்,
கன்னத்தில் கைவைத்து,
உடையுமா என்று பார்க்க.